கைமாற்று

ரொக்காஸ்பீனா நகராட்சி அருங்காட்சியகத்தில்
நுழைவுச்சீட்டு கிழிப்பவள் நான்.
திங்கள் விடுமுறை. குளிர்காலத்தில்
மற்ற நாள்களும் ஏறத்தாழ அப்படித்தான்.

இரண்டாம் அறையில் ஒரே படம்.
பாப்லார் பலகை, நடுவே ஒரு விரிசல்.
கிழவி அன்னா பிள்ளை பெற்றுக் கிடக்கிறாள்.
மருத்துவச்சி வெந்நீரில் கை வைத்துச் சூடு பார்க்கிறாள்.
கதவோரம் ஒரு வேலைக்காரி
தட்டில் இரண்டு முட்டையோடு
உள்ளே வரலாமா என்று நிற்கிறாள்,
ஐந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளாக.

வரைந்தவர் வெனான்ட்ஸோ தி கோலா.
கலைக்களஞ்சியத்தில் அவருக்கு ஆறு வரி.
ஒளியை அறிந்தவர் என்பது நாலாம் வரி.
எங்கள் வீட்டில் ஒரே சொல்:
கடன்காரன்.

சந்தூச்சா, எங்கள் வம்சத்து முட்டைக்காரி,
தெற்கு மதிலடியில் கோழி வளர்த்தவள்.
நிறப்பொடி குழைக்க அவருக்கு மஞ்சள் கரு வேண்டும்.
இளமுகத்துக்கு ஊர்க்குள் அடைந்த கோழியின் வெளிறிய கரு,
கிழமுகத்துக்கு மலைச்சரிவு மேய்ந்ததன்
செக்கச் சிவந்த கரு.
இரண்டையும் விடியலில் கொண்டுபோய்க் கொடுத்தாள்,
ஓட்டில் வைக்கோல் ஒட்டியிருக்க.
பத்திர எழுத்தரின் ஏட்டில் இருக்கிறது:
முட்டை, ஆயிரத்து நூற்று நாற்பது.
பெற்றது, ஒன்றுமில்லை.
அடுத்த வரியில் கொள்ளைநோய்.

ஆள் போனார். பேர் போகவில்லை.
கோழி முட்டையிட்டது போக
வட்டி குட்டி போட்டது.

ஒத்தோரீனோ மாமா, ஓய்வுபெற்ற ரயில்வே கணக்கர்,
ஜனவரிதோறும் நகராட்சிக்கு எழுதுவார்.
அன்றைய முட்டை விலை, கூட்டுவட்டி,
வெள்ளிக்காசு லீராவாகி லீரா யூரோவான கதை,
பிழையிருந்தால் சுட்டவும் என்று அடியில்.
பதில் வந்ததில்லை.
ஒருமுறை மேயர் காபிக்கடையில்
அவருக்கு ஓர் ஆம்லெட் வாங்கிக் கொடுத்தார்.
மாமா மறுவருடம் அதைக் கழித்து எழுதினார்.

இந்த மார்ச்சில் பாசலிலிருந்து
லீஸ்பெத் அம்ரைன் வந்தார்.
நான்கு நாள் முழங்காலிட்டு
மூக்கு பலகையில் இடிக்கும் தூரத்தில்.
அகச்சிவப்பில் பார்த்தார். காதுகளை அளந்தார்.
கடைசியில் எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டே சொன்னார்:
இது வெனான்ட்ஸோ போடும் காதுமடல் இல்லை.
பட்டறைப் பையன் யாரோ.

பெயர் தெரியாத கை என்று புது அட்டை.
திருகியவள் நான், பழைய அதே நான்கு ஆணியில்.

படத்தில் எதுவும் நகரவில்லை.
வேலைக்காரி இன்னும் வாசலில்தான்.
ஆனால் பள்ளிக்கூடப் பேருந்துகள்
கீழ்ச்சாலையோடு பெரிய ஊருக்குத் திரும்பிவிட்டன.
பிஸ்கட் கடை எர்சீலியா
வெனான்ட்ஸோ முகம் அச்சிட்ட தொள்ளாயிரம் பெட்டியை
என்ன செய்வதென்று என்னைக் கேட்கிறாள்,
காதை மாற்றி வரைந்தது நான் என்பதுபோல.

போவதற்கு முன் அம்ரைன் என்னை அழைத்து
உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார்.
அன்னாவின் போர்வை மடிப்பில், நிறத்துக்குள் சிக்கி,
மயிரிழையில் பாதி, ஒரு தூவி.
இது யார் கை என்றேன்.
இது மட்டும் சந்தேகமில்லை, கோழி என்றார்.
இருவரும் சிரித்தோம். பிறகு நான்
சீட்டு மேசைக்கு வந்து
வெகுநேரம் எதையும் கிழிக்காமல் இருந்தேன்.
அந்தக் கிழவியின் கன்னச் சிவப்பு
எங்கள் மலைச்சரிவு.

மாமா ஒரு வாரம் வாய் திறக்கவில்லை.
ஒரு பெரிய மனிதன் ஏமாற்றினான் என்பதில்
எங்களுக்கும் கொஞ்சம் பெருமை இருந்திருக்கிறது போல.
எட்டாம் நாள், ஜனவரிக்குக் காத்திராமல், எழுதினார்:

ஐயா,
கை மாறியதாக அறிகிறோம்.
கைமாற்று மாறவில்லை.
அந்தப் பையனின் பெயரை
உடனே தெரிவிக்கவும்.

தபாலில் சேர்த்தது நான்.
தபால்தலை என் காசு.
கணக்கில் ஏற்றச் சொல்ல வேண்டும்.